ஸ்கிராட்ச்சா, ஸ்னாப்பா, பைத்தானா? பல்லாங்குழியை வைத்து ஓர் ஒப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். அவர்களில் காட்பாடியிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஸ்கிராட்ச் எனக்கு முடிந்துவிட்டது அக்கா, பைத்தானுக்குப் போகலாமா?" என்று கேட்டாள். ஸ்கிராட்ச்சில் 'பிளாக்' எனப்படும் கட்டளைத் துண்டுகளைத் திரையில் இழுத்து ஒட்டி நிரல் செய்யலாம். பைத்தானில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஏதோ ஒரு பயிற்சி மையம் கொடுத்த சான்றிதழையும் நீட்டினாள். 'உயர்நிலை' என்று அச்சிட்டிருந்தது. வகுப்புக்குத் தவறாமல் போனாள் என்பதற்கு மேல் அந்தத் தாளிலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. "பல்லாங்குழி செய்து கொண்டு வா" என்று அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் செய்துவிட்டாள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. வெறுங்குழி வந்தால் தடவி அடுத்ததை அள்ளுவது, ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அதைப் 'பசு' என்று எடுத்துக்கொள்வது எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே திறந்து பார்த்தால், குழிக்கு ஒரு மாறியாக (ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் பெயர்) 14 மாறிகள். ஒரே கட்டளைத் தொடர் 14 முறை நகலெடுக்கப்பட்டிருந்தது. "பசு நாலுக்கு வேண்டாம், ஆறுக்கு என்று மாற்று" என்றேன். 14 இடத்தில் கை வைத்தாள். அதில் இரண்டை விட்டுவிட்டாள்.

ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது. அவர்கள் எழுதியதையே எடுத்து ஒரு விதியை மாற்றச் சொல்ல வேண்டும். எத்தனை இடத்தில் கை வைக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எத்தனை பிளாக் தெரியும், எத்தனை விளையாட்டு செய்தாய் என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்கிராட்ச்

2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் இதை வெளியிட்டபோதே 8 முதல் 16 வயது வரையானவர்களை மனத்தில் வைத்துத்தான் செய்தது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் இது வருகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த 14 மாறிகளும் ஸ்கிராட்ச் செய்த குற்றமில்லை. பல எண்களை ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் பட்டியல் அதிலேயே இருக்கிறது. குழி எண்ணை 14-ஆல் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த குழி. பதினாலாவது குழிக்கு மீதி பூஜ்யம், கூட்டினால் ஒன்று. பலகை தானே வட்டமாகிவிடுகிறது. இதை அவள் தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்ட அன்று, நிரல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அன்றைக்கு அவள் பைத்தானுக்குப் போயிருந்தால் அந்த 14 மாறிகளைத்தான் கையோடு கொண்டு போயிருப்பாள்.

உண்மையான சுவர் அதற்குப் பிறகு வந்தது. கணினியே எதிராளியாக ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முறைக்கு ஏழு குழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்று முறை முன்னோக்கி யோசித்தால் 7 × 7 × 7, அதாவது 343 பலகைகள் வரை பார்க்க வேண்டும். ஒவ்வொரு யோசனைக்கும் தனிப் பலகை வேண்டும். ஸ்கிராட்ச்சில் நாமே செய்யும் பிளாக் விடையைத் திருப்பித் தராது. பட்டியலுக்குள் பட்டியல் வைக்கவும் வழியில்லை. ஒரே நீளப் பட்டியலில் 14, 14 ஆகப் பிரித்துச் சமாளிக்கலாம். சமாளித்தும் பார்த்தாள். அந்தக் களைப்பு அவள் முகத்தில் தெரிந்த அன்றுதான் "இப்போது போகலாம்" என்றேன்.

ஸ்னாப்

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பார்க்க ஸ்கிராட்ச் போலவே இருப்பதால் பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். பெர்க்லியில் கல்லூரி மாணவர்களின் ஓர் அறிமுகப் பாடத்துக்கே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். நாம் செய்யும் பிளாக் இங்கே விடை தரும். பட்டியலுக்குள் பட்டியல் உண்டு. மேற்சொன்ன சுவர் இங்கே இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்பில் சுவரை முட்டுகிறவர்களுக்கும், ஆங்கிலத் தட்டச்சில் கை தடுமாறுகிறவர்களுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். குறை ஒன்று உண்டு. பள்ளியில் இதை அறிந்தவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து பெஞ்சில் கேட்க முடியாது.

பைத்தான்

இங்கே முதல் மாதம் கடினம். வரியின் முன்னால் விடும் இடைவெளி பிசகினாலே பிழை. திரையில் படம் தானாக வராது. ஸ்கிராட்ச்சில் ஒரு குழியைச் சொடுக்கினால் நடப்பதற்கு இங்கே தனியாக எழுத வேண்டும். எண்ணிக்கையும் பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஆனால் அதனாலேயே பல்லாங்குழிச் சூத்திரம் இன்னும் எளிது: ஒன்றைக் கூட்டி 14-ஆல் வகுத்த மீதி, அவ்வளவுதான். மாறிகளுக்குக் 'குழி', 'பசு' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

அவள் மூன்று வாரம் சிக்கிக்கொண்ட இடம் ஒன்று. கணினி யோசிக்கும்போதே நிஜப் பலகையில் கொட்டைகள் நகர்ந்தன. ஒரு பட்டியலை இன்னொரு பெயரில் வைத்தால் நகல் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தாள். பைத்தானில் அது ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பலகையை அச்சிட்டுப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். "அக்கா, இரண்டும் ஒரே பலகை!" என்று அவள் கத்தியதில் கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டார்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தால் 11-ஆம் வகுப்பில் சி++, 12-இல்தான் பைத்தான். பத்தாம் வகுப்பு விடுமுறையில் இருப்பவர்கள் தட்டச்சு செய்து எழுதும் நிரல் மொழி ஏதாவது ஒன்றுக்குக் கை பழக்கிக்கொண்டு போவது நல்லது. அதற்கும் நான் பைத்தானையே சொல்வேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த அவசரம் இல்லை. அவர்களுக்கு முதலில் அந்தப் பசு விதியை மாற்றச் சொல்லிப் பாருங்கள்.