நகரும் தொடுகை லோடிங் கொயில்: 40 மீற்றருக்கு வாங்கலாமா?

அமெச்சூர் வானொலியின் 40 மீற்றர் பட்டையில் (7 மெகாஹேட்ஸ்) குட்டை அன்டெனாவை ஒத்திசைய வைக்கும் கம்பிச் சுருள் இது. தொடுகையை நகர்த்திச் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கலாம். பிராண்ட் பெயர் இல்லாமல் இணையத்தில் விற்கும் வகை. 50 மி.மீ. பிளாஸ்டிக் குழாயில் 100 மி.மீ. நீளத்துக்கு 40 சுற்று. அதன்மேல் இழுத்து நீட்டும் விப் (அன்டெனாக் கோல்). பையில் போட்டுக்கொண்டு நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் மலை ஏறுவோருக்குப் பாரமே தெரியாது. சுற்றுகளும் சீராக இருக்கின்றன.

குறை கொயிலோடு வரும் குறிப்புத் தாளில்தான். அது கொயிலை வெறும் 32 மைக்ரோஹென்றி தூண்டியாக எடுத்துக்கொண்டு, 7.1 மெகாஹேட்ஸில் அதன் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) 1436 ஓம், விப் 1.7 மீற்றர் என்கிறது. ஆனால் இந்தக் கொயில் ஒரு டிரான்ஸ்மிஷன் லைன் (அலை ஓடும் மின்தடம்) மாதிரியும் நடந்துகொள்ளும். இப்படிப்பட்ட கொயில்களை ஆராய்ந்த கோரம் சகோதரர்களின் சூத்திரத்தில் போட்டால் வேகக் காரணி (ஒளி வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.0285 அளவில் வரும். வெளியே 42 மீற்றராக இருக்கும் அலை கொயிலின் அச்சில் 1.2 மீற்றராகச் சுருங்குகிறது. ஒரு முழு அலை 360 பாகை, ஆகவே 10 சென்றிமீற்றர் கொயில் 30 பாகை. அடியில் 1 அம்பியர் ஏறினால் மேல் முனையில் 0.87தான் மிஞ்சும். மின்மறுப்பும் 10 சதவீதம் கூடி 1580 ஓமுக்குப் போய்விடும்.

தாள் சொன்னபடி வைத்தால் ஒத்திசைவு 7 மெகாஹேட்ஸுக்குக் கீழே விழுவது இதனால்தான். மூன்று நான்கு சுற்றைக் குறையுங்கள், அல்லது விப்பை 1.5 மீற்றருக்கு இறக்குங்கள். விப்பில் குறையும் பாகையைக் கொயில் அப்படியே நிரப்பும் என்ற பேச்சை நம்பவேண்டாம்: கால் அலைக்குரிய 90 பாகையில் கொயில் 30, விப் 13, மீதி 47 பாகை இரண்டும் சேரும் இடத்தில் அலை காணும் மின்தடங்கல் (இம்பீடன்ஸ்) திடீரென மாறுவதால் வருவது.

இந்தக் கொயில் 17 மெகாஹேட்ஸ் வாக்கில் தானாகவே கால் அலையாக ஒத்திசையும். ஆகவே அதற்கு அருகிலுள்ள 14, 18 மெகாஹேட்ஸ் பட்டைகளில் பாவிக்காத சுற்றுகளை அப்படியே தொங்கவிடாமல் கொயில் முழுவதையும் தடித்த கம்பியால் குறுக்குச்சுற்றாக்கவேண்டும்.

கொயிலின் கியூ (தரக் காரணி; கூடினால் இழப்புக் குறைவு) 200, தரை இழப்பு 10 ஓம் என்று வைத்தால் மொத்தத் தடை 18 ஓம் சொச்சம். அதில் கதிர்வீச்சுக்குரியது அரை ஓம் அளவுதான். பொருத்தும் சுற்று இல்லாமலே எஸ்டபிள்யூஆர் (அன்டெனாவிலிருந்து வலு திரும்புவதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1க்கு இறங்கினால் மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை, வலு மண்ணுக்குள் போகிறது. தரை இழப்பைக் குறைக்கத் தேயிலை வரிசைகளுக்கிடையே 5 மீற்றர் கம்பிகள் எட்டாவது விரியுங்கள். லயத்துத் தகரக் கூரையையும் தரையாகப் பாவிக்கலாம். ஆனால் தகடுகள் சேரும் இடத்தில் துருப்பிடித்திருந்தால் இரைச்சலும் கூடவே வரும்.

இனி தொடுகைத் திருகு. மெல்லிய பித்தளைத் தகடு, இரண்டு முறை நகர்த்தினாலே தளர்கிறது. 100 வாற்றில் கொயிலின் மேல் முனையில் 3000 வோல்டுக்கு மேல் நிற்கும். மூடுபனியில் குழாய் ஈரமானால் கியூ விழும், ஒத்திசைவு கீழே நகரும், தளர்ந்த தொடுகை பொறி தட்டும். 20 வாற்றோடு நிறுத்துங்கள். சரியான இடம் தெரிந்ததும் தொடுகையைக் கழற்றிவிட்டு அந்தச் சுற்றில் ஈயம் வைத்து ஒட்டிவிடுவது உத்தமம்.

ஹட்டனிலிருந்து கொழும்போடு பேசத்தான் வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள். அவ்வளவு கிட்டிய தூரத்துக்கு அலையை மேல்நோக்கி அனுப்பும், தாழக் கட்டிய கிடைக் கம்பி இருமுனை அன்டெனாவே போதும்.