ஒளி இடுக்கியா, பின்னூட்டப் பொறியா?

காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்த தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, போஸ்ட்டாக்குக்கு, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு, எதை எடுக்கட்டும்? ஒளி இடுக்கியையா, பின்னூட்டப் பொறியையா?" இரண்டுமே நுண்துகளை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் கருவிகள்.

ஒளி இடுக்கி, ஆர்தர் ஆஷ்கின் குழு 1986-இல் காட்டியது, 2018-இல் நோபல். குவித்த லேசரே துகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நானோ அளவில், ஆரம் பாதியானால் பிடி எட்டில் ஒரு பங்குதான். தனிப் புரத மூலக்கூறு நழுவிவிடும்.

ஆய்வாளர்கள் கோஹனும் மோர்னரும் 2005-இல் காட்டிய பின்னூட்டப் பொறி வேறு வகை. கேமரா பார்க்கும், கணினி விலகலைக் கணக்கிடும், மின்புலம் துகளைத் திரும்பத் தள்ளும். ஓயாமல், நொடிக்குப் பல முறை. நீரில் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணியே ஒரு நொடியில் ஏறக்குறைய தன் அகல தூரம் தானாக அலைகிறது. பொடிசாக ஆக ஆட்டம் கூடும். அங்கே, பார்ப்பதற்கும் தள்ளுவதற்கும் இடையிலான தாமதம்தான் எதிரி.

விசையை அளக்க இடுக்கியே நல்லது. இவளுக்கோ நிரல் எழுதுவதில் அப்படியொரு கை. பொறியையே எடுக்கச் சொன்னேன்.