யாரோ தொலைச்சு நமக்குக் கிடைச்ச பொருள்: வெச்சுக்கறதா, உண்டியலா, ஸ்டேஷனா, நேர்லயே கொடுக்கறதா?

வெச்சுக்கறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், அதைப் பத்தி நீட்டி முழக்கப் போறதில்ல. தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், லாபக் கணக்கு பாத்தாலும் அது தேறாது. செல்போனா இருந்தா தொலைச்சவர் புகார் கொடுத்து தொலைஞ்ச போனுக்குன்னு மத்திய அரசு வெச்சிருக்கற சி.இ.ஐ.ஆர். போர்ட்டல்ல ஐ.எம்.இ.ஐ. நம்பரை (ஒவ்வொரு செட்டுக்கும் தனியா இருக்கற நம்பர்) பதிஞ்சாப் போதும், செட்டு பிளாக் ஆயிடும், அதுல வேற சிம் போட்டா தகவல் போலீசுக்குப் போயிடும். 2023லேர்ந்து நாடு முழுக்க இது இருக்கு, எஸ்.பி. ஆபீஸ்ல மேஜை நிறைய போனை அடுக்கி வெச்சு உரியவங்ககிட்ட கொடுக்கற போட்டோவ பேப்பர்ல பாத்திருப்பீங்க. நகைன்னா அடகு வைக்க ஆதார் கேப்பாங்க, விக்கப் போனா பில் கேப்பாங்க, பில் இல்லாம வாங்கற ஆளு அடிமாட்டு விலைக்குத்தான் வாங்குவான்.

சட்டமும் இப்ப கொஞ்சம் இறுகியிருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 403வது பிரிவுல இவ்வளவு மாசம் உள்ள இருந்தே ஆகணும்னு கிடையாது, அதுக்குப் பதிலா 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதா 314வது பிரிவுல குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 2 வருஷம், கூடவே அபராதம். கீழ கிடந்ததைப் பத்திரமா எடுத்து வெச்சா குத்தமில்ல, யாரோடதுன்னு தெரிஞ்சும், இல்ல தேடியே பாக்காம, நம்மளுதா ஆக்கிக்கிட்டாதான் குத்தம்.

உண்டியல்ல போடறது நம்ம பக்கம் ரொம்ப பேருக்குப் பிடிச்ச வழி. சுவாமிமலையோ நாகூர் தர்காவோ வேளாங்கண்ணியோ, போற வழியில போட்டுட்டு மனசு லேசாயிடுச்சுன்னு வந்துடுவாங்க. தொலைச்சவங்களுக்கு இதுல என்ன வந்துச்சு? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான். பஸ்ஸுல கிடைச்சா கண்டக்டர்கிட்ட கொடுக்கலாம், தொலைச்சவங்களும் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்கிட்டதான் முதல்ல ஓடி வருவாங்க, ஆனா பையைத் திறந்து ரெண்டு பேர் பாக்க எண்ணிட்டுக் கொடுங்க.

ஆக நிஜமான போட்டி ஸ்டேஷனுக்கும் நேர்ல கொடுக்கறதுக்கும்தான். நான் நேர்ல கொடுக்கற கட்சி, ஏன்னு சொல்றேன்.

போன தை மாசம் வலங்கைமான் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுல ஒரு மஞ்சப்பை கிடந்துச்சு. அடியில ஒரு கிலோ துவரம்பருப்பு, அதுக்கு மேல ரோஸ் கலர் பேப்பர்ல சுத்தின செயினும் ஒரு ஜோடி ஜிமிக்கியும், கூட நாலா மடிச்ச கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் ரசீது. நெல்லு போட்ட பணம் கைக்கு வந்ததும் அடகுல இருக்கறதை மீட்கறது இங்க வழக்கம்தானே. டீக்கடைக்காரர் "இங்க வெச்சுட்டுப் போங்க தம்பி, தேடி வந்தா கொடுத்துடறேன்"ங்கறார், போன்ல பெரியப்பா "ஸ்டேஷன்ல கொடுத்துட்டு ஒதுங்கிக்கடா, நமக்கெதுக்கு"ங்கறார். ரசீதுல பேரு, வீட்டுக்காரர் பேரு, ஊரு எல்லாம் இருந்துச்சு, பைக்கை எடுத்தா கால் மணி நேரத்துல வீட்டுக்கே போய் கொடுத்துடலாம்.

போகல. ஏன்னா ரசீதுல செயின் ஒண்ணு, ஜிமிக்கி ஒரு ஜோடி, மோதிரம் ஒண்ணுன்னு எழுதியிருக்கு, பையில மோதிரத்தைக் காணோம். பருப்பைக் கூட பிரிச்சுப் பாத்தாச்சு.

இந்த விஷயத்துல மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல யோசிக்க வேண்டியது இதைத்தான். கொடுக்கறதா வேண்டாமாங்கறது பெரிய கேள்வியே இல்ல, கொடுத்ததுக்கு அப்புறம் "இன்னொண்ணு இருந்துச்சே"ன்னு ஒரு வார்த்தை வந்தா என்ன பதில் சொல்லுவீங்க? அவங்க பொய் சொல்லணும்னு கூட இல்ல, பதட்டத்துல மறந்திருக்கலாம், வழியில வேற எங்கயாவது விழுந்திருக்கலாம், ஆனா பையைக் கடைசியாத் தொட்டது நீங்க, ஊருக்குள்ள பேரு உங்களுக்குத்தான். அதனால எந்த வழியில போனாலும் பிரிச்சு எண்ணும்போது பக்கத்துல ஆள் இருக்கணும், போன்ல வீடியோ இருக்கணும், வாங்கறவங்க கையெழுத்து போடணும். எடை போட முடிஞ்சா இன்னும் நல்லது.

நான் டீக்கடைக்காரர் முன்னாடியே எல்லாத்தையும் பரப்பி வீடியோ எடுத்துட்டு, அவரையும் கூப்பிட்டுக்கிட்டு ரசீது கொடுத்த கூட்டுறவு சங்கத்துக்கே போனேன். அங்க தராசு இருக்கு, கடன் லெட்ஜர் இருக்கு, செயலாளருக்கு ஆளைத் தெரியும். அவர் போன் போட்டதும் அந்தம்மா மகனோட வண்டியில வந்து இறங்கினாங்க, அழுதுக்கிட்டேதான் வந்தாங்க. மோதிரம்? "விரல்லயே கிடக்கு தம்பி, மீட்டதும் மாட்டிக்கிட்டேன்"னு கையை நீட்டினாங்க. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. செயினையும் ஜிமிக்கியையும் எடை போட்டு, வெள்ளைத்தாள்ல நாலு வரி எழுதி, அவங்க, நான், செயலாளர், டீக்கடைக்காரர் எல்லாரும் கையெழுத்து போட்டோம். அந்தத் தாளோட போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.

ஸ்டேஷனைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் அங்க பொருள் ஒப்படைச்சதில்ல, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. அட்ரஸே இல்லாத நகைன்னாலோ, பெரிய பணம்னாலோ நானும் அங்கதான் போவேன், ஆனா சி.எஸ்.ஆர். ரசீது (ஸ்டேஷன்ல பதிஞ்சதுக்குக் கொடுக்கற சீட்டு) வாங்காம வெளிய வரமாட்டேன், அதுல உருப்படி எல்லாம் ஒண்ணு விடாம எழுதியிருக்கணும். தொலைச்சவங்க பக்கம் பாத்தா, போலீஸ் அதை கோர்ட்டுக்கு அனுப்பிட்டா மாஜிஸ்திரேட் ஆர்டர் வாங்கித்தான் எடுக்கணும், யாரோடதுன்னு தெரியலன்னா அறிவிப்பு போட்டு 6 மாசம் பாப்பாங்க. அறுவடை நேரத்துல ஒரு விவசாயி வீட்டு அம்மாவை கோர்ட்டுக்கு நடக்க விடணுமா? ரசீதோ ஆதாரோ உள்ள இருக்கற பைக்கு இது தேவையே இல்லங்கறது என் அபிப்ராயம்.

சன்மானம் பத்தியும் கேப்பாங்க. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி கண்டெடுத்தவருக்கு அலைச்சலுக்குக் காசு கேட்டு கேஸ் போட உரிமை இல்ல, ஆனா செலவைக் கொடுக்கற வரைக்கும் பொருளைக் கையில வெச்சிருக்கலாம், இவ்வளவு தர்றேன்னு முன்னாடியே அறிவிச்சிருந்தா அதைக் கேட்டு வாங்கலாம். அந்தம்மா பணத்தை எடுத்தாங்க, வேண்டாம்னுட்டேன், டீக்கடைக்காரர் மட்டும் அன்னைக்கு கடையை மூடிட்டு வந்த கணக்குக்கு வாங்கிக்கிட்டார், அது நியாயம்தான்.

மண்ணுக்குள்ள கிடைக்கறது வேற கணக்கு, அதை இதோட சேக்காதீங்க. 2023ல சீர்காழி சட்டைநாதர் கோயில்ல தோண்டும்போது ஐம்பொன் சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் வந்துச்சே, அந்த மாதிரி வீட்டுக் கொல்லையில வந்தாலும் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத்தான் சொல்லணும்.

ரோட்டுல ஒத்தையா கிடக்கற நூறு ரூபா நோட்டுக்கு இவ்வளவும் வேண்டாம். பக்கத்துக் கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டு, யாரும் வரலன்னா உண்டியல்லயே போடுங்க, அதுக்கு எனக்கு ஆட்சேபனை இல்ல.