சமோயிட் நாயின் உள்ரோமம்: நூற்பவருக்கு எவ்வளவு தேறும்?

சமோயிட் நாயின் உள்ரோமத்தை ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர்கள், அதை அப்படியே நூற்றுத் தொப்பி பின்னத்தான் ஆசைப்படுவார்கள். வெள்ளை வெளேரென்று, அங்கோரா முயல் ரோமத்துக்கு ஒரு படி கீழே என்று சொல்லும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். தனியாகவே நூற்கவும் வரும். ஆனால் தனியாக நூற்றால் தொய்ந்து, உதிர்ந்து, தலையில் நிற்காத தொப்பிதான் கிடைக்கும். கால்பங்கு நாய் ரோமம், முக்கால்பங்கு செம்மறிக் கம்பளி என்று சேர்த்தால், பனி கொட்டும் ஊரில் தினமும் போட்டு உழைக்கிற நூல் கிடைக்கும். ஆகவே இது பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை.

சமோயிட் சைபீரியாவில் கலைமான் மேய்க்கவும் சறுக்குவண்டி இழுக்கவும் வளர்க்கப்பட்ட இனம். உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். வெளியே நீளமான, விறைப்பான மேல்ரோமம். உள்ளே 4 முதல் 6 செ.மீ. வரை வளரும் பஞ்சு போன்ற உள்ரோமம். நூற்பவருக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். குளிர் தணியத் தொடங்கியதும் இது கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். அதனால் இந்தப் பனிக்காலத்தில் ராட்டையில் ஏறுவது போன வசந்தத்தில் வாரிச் சேர்த்தது. நடுக் குளிர்காலத்தில் வாரிப் பார்த்துவிட்டு "ஒன்றும் வரவில்லையே" என்று நாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பையாக வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வாரி எடுத்ததா, மழித்து எடுத்ததா என்பது. ஒரு கொத்தை உருவிக் கறுப்புத் துணியில் பரப்புங்கள். வாரிய ரோமத்தின் ஒரு முனை மெலிந்து கூர்ந்திருக்கும். நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மழித்ததில் மொட்டை முனைகளும், 1 செ.மீ. துண்டுகளும் கிடக்கும். இந்தத் துண்டுகள்தான் பெரிய தலைவலி. எத்தனை முறை வாரினாலும் முழுவதும் போகாது. நூலில் குருணை குருணையாக நிற்கும், பிறகு கறுப்புக் கோட்டின் மேல் உதிரும். மழிக்கும்போது மேல்ரோமமும் கூடவே வந்துவிடும். நாய் ரோம நூல் குத்துகிறது என்று யாராவது சொன்னால், குற்றவாளி பெரும்பாலும் இந்த மேல்ரோமம்தான். வாரிய பையிலும் 100 கிராமுக்கு 10, 15 கிராம் மேல்ரோமம் இருக்கலாம். நீளமாக இருப்பதால் கொத்தின் நுனியைப் பிடித்து உருவினால் தனியே வந்துவிடும். அதைவிட அதிகம் என்றால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உடம்பில் எந்த இடத்து ரோமம் என்பதும் முக்கியம். முதுகு, விலா, தோள் மூன்றும் முதல் தரம். கால், வயிறு, வால் வேண்டாம். பனியில் ஓடும் நாய்க்குக் காலிலும் வயிற்றிலும் பனி உருண்டை உருண்டையாக ஒட்டி, உருகி, மறுபடி உறைந்து ரோமத்தைச் சடையாக்கிவிடும். தெருவில் தூவிய உப்பும் அங்கேதான் சேரும். பிடரிக்குக் கீழே உண்ணி மருந்து ஊற்றும் வழக்கம் இருந்தால், அந்த இடத்து ரோமத்தையும் ஒதுக்குங்கள்.

இனி, இந்த ரோமம் ஏன் கம்பளி மாதிரி நடந்துகொள்வதில்லை? கம்பளி இழையில் இயற்கையாகவே நெளிவு உண்டு. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். மேற்பரப்பில் செதில்கள் துருத்தி நிற்பதால் பக்கத்து இழையைக் கவ்விக்கொள்ளும். நாயின் உள்ரோமத்தில் நெளிவு குறைவு, செதிலும் வழவழப்பு. அதனால் மூன்று விளைவுகள். முறுக்கு குறைந்தால் இழைகள் வழுக்கிப் பிரியும். பின்னிய துணி தன் எடையாலேயே தொய்யும். துவைத்து அணிய அணிய இழை முனைகள் வெளியே வந்து பனிமூட்டம் போல ஒரு பஞ்சுப் படலம் எழும். இந்தக் கடைசிக் குணம்தான் அழகும், சூடும். படலத்துக்குள் அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. கம்பளியைவிட 80 சதவீதம் அதிகச் சூடு என்று விளம்பரங்களில் ஓடும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். தளர்ந்த நூலும் இறுகிய நூலும் ஒரே ரோமத்திலிருந்தே வேறு வேறு சூடு தரும் என்னும்போது, ஒற்றை எண்ணுக்கு என்ன பொருள்?

கலக்க எந்தக் கம்பளி? 7, 8 செ.மீ. நீளமும் நல்ல நெளிவும் உள்ள காரிடேல் சரியான ஜோடி. ஷெட்லாண்டும் நன்றாகச் சேரும். லிங்கன் போன்ற மிக நீண்ட கம்பளியோடு சேராது; வாரும்போது நீளமானது ஒரு பக்கம் போக, குட்டை ரோமம் திட்டுத் திட்டாக நிற்கும். மெரினோ மிருதுதான், ஆனால் கையால் வாரும்போது சிறிது அழுத்தினாலே அறுந்து குருணை கட்டும். ஏற்கெனவே வழுக்குகிற ரோமத்தோடு அந்தத் தொல்லையும் எதற்கு?

இரண்டையும் தனித்தனியே கழுவுங்கள். வெட்டிய கம்பளியில் லனோலின் கொழுப்பு உண்டு. அதைக் கரைக்க 60 டிகிரி நீரும் தாராளமாகச் சோப்பும் வேண்டும். நீர் ஆறிப்போனால் கொழுப்பு மறுபடி இழையில் படிந்து பிசுபிசுக்கும். கழுவி முடிக்கையில் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடக் குறையும். வாங்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். நாய் ரோமத்துக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. வலைப் பையில் தளர்வாகப் போட்டு, 45 டிகிரி நீரில், பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு சில சொட்டு விட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். கசக்கக் கூடாது. அதே சூட்டு நீரில் இரண்டு அலசல். கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகர். வாரப்போகும் நாயைச் சில நாள் முன்பே குளிப்பாட்டி நன்றாகக் காயவிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. அரைகுறையாகக் கழுவியது காய்ந்த நிலையில் மணக்காது. கையுறை பனியில் நனைந்த அன்றுதான் அறை முழுக்க ஈர நாய் வாடை வீசும். ஆகவே நூற்பதற்கு முன் ஒரு கொத்தை நனைத்து முகர்ந்து பார்ப்பது நல்லது.

வாருவதற்குக் கம்பிப் பல் பலகை ஜோடி போதும். சாதாரணக் கம்பளிக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 72 பல் உள்ளதைப் பயன்படுத்துவார்கள். அதில் இந்த ரோமம் பல்லுக்கு நடுவே புதைந்துபோகும். 108 அல்லது 112 பல் உள்ளதை எடுங்கள். ஒரு தடவைக்கு 4 கிராம்: 3 கிராம் கம்பளி, 1 கிராம் ரோமம். சமையலறைத் தராசில் நிறுத்தே போடுங்கள். கண்ணளவு இங்கே ஏமாற்றும், ஏனென்றால் 1 கிராம் நாய் ரோமம் பார்வைக்கு 3 கிராம் கம்பளி அளவுக்கு உப்பி நிற்கும். கம்பளியில் பாதியை மெல்லப் பரப்பி, அதன்மேல் ரோமம், அதன்மேல் மீதிக் கம்பளி. மூன்று தடவை இழுத்து மாற்றினால் கலந்துவிடும். நான்காவது தடவை தேவைப்பட்டால், ஒருமுறைக்கு அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். பல்லைப் பல்லோடு உரசாமல், நுனியோடு நுனி தொடும் அளவுக்கு மட்டும் இழுங்கள். பிறகு பலகையிலிருந்து சுருட்டிப் பட்டையாக எடுத்துக்கொள்ளலாம். 100 கிராம் நூலுக்கு 25 பட்டை.

குளிர்காலத்து வீட்டில் இங்கே ஒரு தனிச் சிக்கல். அடுப்பு எரியும் அறையில் காற்று வறண்டு, பட்டை பலகையை விட்டுப் பறந்து கை, சட்டை, நாய் என்று எல்லாவற்றிலும் ஒட்டும். இது நிலைமின்சாரம். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த ரோமத்தோடு போராடுவது வீண். அடுப்பின்மேல் ஒரு பாத்திரம் நீர் வையுங்கள். இன்னும் அடங்கவில்லை என்றால், ஒரு கோப்பை நீரில் இரண்டு சொட்டு எண்ணெய் குலுக்கி, ரோமத்தின்மேல் புகை போலத் தெளித்து, ஒரு மணி நேரம் துணியால் மூடிவைத்த பிறகு வாருங்கள். ராட்டையையும் அடுப்போரத்தில் வைக்காதீர்கள். மரம் வறண்டு சுருங்கினால் ஃபிளையரை (நூலை முறுக்கிப் பாபினில் சுற்றும் சட்டம்) தாங்கும் கம்புகள் ஆடும், சக்கரம் தள்ளாடி அதன்மேல் ஓடும் கயிறு நழுவும், தோல் தாங்கிகள் காய்ந்து கிறீச்சிடும். கயிறு நழுவுவதைப் பார்த்து, நூலைப் பாபினுக்குள் இழுக்கும் இழுப்பு போதவில்லை என்று எண்ணிச் சிலர் திருகை இறுக்கிக்கொண்டே போவார்கள். இழுப்பு கூடக்கூடக் குட்டை ரோமம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

நூற்கும்போது ஓட்ட விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஃபிளையர் சுற்றும் சுற்றுகள், 10:1 அல்லது 12:1. இழுப்பைக் குறைந்த அளவில் வைத்து, நூல் பாபினில் ஏறினால் போதும் என்ற நிலையில் நிறுத்துங்கள். பட்டையை மெல்லப் பிடித்து, முறுக்கை உள்ளே விட்டபடி கையைப் பின்னோக்கி நீட்டும் நீள் இழுப்பு முறைதான் இதற்குப் பொருத்தம். விரலால் நசுக்கி வழவழப்பாக நூற்றால் படலம் எழாது. அப்புறம் நாய் ரோமம் சேர்த்ததற்கே காரணமில்லை. கம்பளிக்குப் பழகிய கைக்கு, முறுக்கு கொஞ்சம் மிகை என்று தோன்றும் அளவே இங்கே சரியான அளவு. தொங்கும் தக்களியில் நூற்பதானால் 25 கிராமுக்கு மேல் எடை வேண்டாம். கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றும் தக்களி இன்னும் உத்தமம். இழையின்மேல் எடையே விழாது.

ஒற்றை நூலை ஓர் இரவு பாபினில் விட்டுவிட்டு, மறுநாள் எதிர்த் திசையில் இரட்டைப் புரியாக முறுக்குங்கள். ஒற்றைப் புரியில் விட்டால் தேய்மானத்தில் அறுந்துவிடும். சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, 40 டிகிரி நீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, துண்டில் சுருட்டிப் பிழிந்து, சிட்டத்தை இரண்டு மூன்று முறை சுவரில் ஓங்கி அடியுங்கள். படலம் அப்போதுதான் எழும். காயும்போது எடை கட்டித் தொங்கவிடக் கூடாது. கம்பளியில் மிச்சமிருக்கும் கொஞ்ச நீட்சியும் அதில் போய்விடும்.

கலவை விகிதத்தில் நாய் ரோமம் 25 சதவீதம் பொதுத் தேவைக்கு. 40 சதவீதம் வரை கழுத்துத் துணிக்குப் போகலாம்; அங்கே தொய்வு குறையல்ல. தொப்பியின் உடலுக்கு 25, காதை ஒட்டிய விளிம்புக்கு வெறும் கம்பளி. இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே கண்ணை மறைக்கும். கையுறைக்குப் புறங்கையில் கலவை, உள்ளங்கையில் கம்பளி, ஏனென்றால் மண்வெட்டிப் பிடி உரசும் இடத்தில் நாய் ரோமம் உருண்டை கட்டி உதிரும். காலுறைக்கு வேண்டவே வேண்டாம். முழு ஸ்வெட்டரும் வேண்டாம். கனம், தொய்வு, வீட்டுக்குள் தாங்க முடியாத சூடு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கையுறைக்குள்ளே நூற்காத கம்பளிக் கொத்துகளைச் சேர்த்துப் பின்னும் முறை உண்டு. அந்தக் கொத்துக்கு நாய் ரோமம் போடலாமா என்ற ஆசை இயல்பு. போட்டால் நழுவி வந்துவிடும். கம்பளிதான் அணிய அணியத் திரண்டு இடத்தில் நிற்கும்.

கலவைதான் சரி என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஸ்ட் ஸாலிஷ் மக்கள் ரோமத்துக்காகவே ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். அவர்களின் பழைய போர்வைகளைப் புரதச் சோதனை செய்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், நாய் ரோமத்தோடு மலையாட்டுக் கம்பளி சேர்ந்திருப்பது தெரிந்தது. அந்த இனம் இப்போது இல்லை. மட்டன் என்று பெயரிட்ட ஒரு நாயின் தோல் மட்டும் 1859 முதல் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மற்ற இனங்களில் கிரேட் பிரனீஸ் சமோயிட்டுக்கு மிக அருகில் வரும். மந்தை காக்கும் நாயாக இருந்தால் வைக்கோலும் முள்ளும் பொறுக்கத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஹஸ்கி ரோமம் குட்டை. 15 சதவீதத்துக்கு மேல் தாங்காது. நியூஃபவுண்ட்லாந்து நாயின் ரோமம் சற்று எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு முறை கழுவுங்கள். டெரியர் வகைகளின் கம்பி ரோமத்தைத் தொடவே வேண்டாம்.

சேமிப்பில் பிளாஸ்டிக் பை கூடாது. ஈரம் தங்கிச் சடை கட்டும். தலையணை உறையில் தளர்வாகப் போட்டுவையுங்கள். அந்துப்பூச்சிக்குக் கம்பளியும் நாய் ரோமமும் ஒன்றே. வெளியே பனியில் ஒரு வாரம் போட்டால் செத்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. மெல்ல மெல்லக் குளிரும்போது புழு குளிருக்குப் பழகிக்கொள்ளும். பகலில் வெயில் பட்டால் மறுபடி உயிர்ப்பெடுக்கும். அறைச் சூட்டிலிருந்து நேராக மைனஸ் 18 டிகிரி உறைபெட்டிக்குள் இறுகக் கட்டிய பையில் இரண்டு வாரம், வெளியே எடுத்துச் சில நாள், மறுபடி இரண்டு வாரம் என்பதுதான் நம்பகமான வழி. உறைபெட்டியிலிருந்து எடுத்த பை முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்; அவசரப்பட்டால் ரோமத்தின்மேல் நீர் கோத்துவிடும்.

பரிசாகக் கொடுப்பதானால் எதனால் நூற்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் நாய் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. நனைந்த கையுறையை அடுப்பிலிருந்து தள்ளி, தட்டையாகக் காயவையுங்கள், வீட்டு நாய்க்கு எட்டாத உயரத்தில். முகர்ந்து பார்த்துவிட்டு, தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விடும்.