மருதாணி என்று சொல்லி முகத்தில் கறுப்புக் கோன் வைக்கிறார்கள், ஜாக்கிரதை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கும், செட்டிநாட்டு வீடுகளில் போட்டோ ஷூட் எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே பார்லரில் ‘ஹென்னா ஃப்ரெக்கிள்ஸ்’ என்று ஒன்று போடுகிறார்கள். மூக்கின் மேலும் கன்னத்திலும் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், இரண்டு வாரம் அழியாது, சுத்தமான மருதாணி என்று சொல்கிறார்கள். என் தங்கைக்கு வைத்தது மருதாணி இல்லை. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் கலந்த கறுப்புக் கோன். முகம் கொப்பளித்து, நீர் வடிந்து, இப்போது புள்ளி வைத்த இடமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பார்லரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். ஆனால் இன்னொரு பெண்ணுக்கு இது நடக்கக்கூடாது.

நடந்தது இதுதான். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய தோழி ஒருத்தி கண்டாங்கிச் சேலை விற்கிறாள். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை ஒரு நாள் வாடகைக்குப் பிடித்து, புதுச் சேலைகளைப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். முற்றத்து வெயில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், அங்கே மேக்கப் போட்டதே தெரியாத ஒரு முகம், கன்னத்தில் வெயில் பட்டு வந்த மாதிரி புள்ளிகள். படம் எடுப்பவர் கேட்டது அவ்வளவுதான். தங்கைக்கு இது புதிதும் இல்லை. ஐப்ரோ பென்சிலை வைத்தே வீட்டில் அழகாகப் போட்டுக்கொள்வாள். சித்திரை வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும், வியர்த்தால் அழியுமே என்பதுதான் கவலை. அந்த நேரத்தில் இந்த பார்லரின் விளம்பரம் கண்ணில் பட்டது. 2,500 ரூபாய். ஷூட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் இருவரும் போனோம்.

உட்காரும் முன்பே நான் கேட்டேன். “இது பிளாக் ஹென்னாவா?” “ஐயோ, அதெல்லாம் நாங்க தொடுறதே இல்லக்கா. இது ஆர்கானிக், நாங்களே ஆள் வச்சுப் போடுற கோன்” என்றார் அந்தப் பெண். கோனைக் காட்டச் சொன்னேன். தங்க நிறத் தாள் சுற்றிய கோன், மேலே மணப்பெண் படம், அவ்வளவுதான். தயாரித்தவர் பெயர் இல்லை, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று இல்லை, தேதி இல்லை. கேட்டதற்கு, “சொந்தத் தயாரிப்புல அதெல்லாம் போட மாட்டாங்கக்கா” என்றார். தங்கை வழக்கம்போல மொபைலை நிறுத்திவைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோனும் இந்தப் பேச்சும் அதில் அப்படியே இருக்கின்றன. இப்போது எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான்.

வைத்த விதமும் சரியில்லை. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இரண்டு கன்னத்திலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வரிசையாக வைத்துக்கொண்டே போனார். சிரித்தால் மடிப்பு விழும் இடத்தில்கூட வைத்தார். கண்ணுக்குக் கீழே இமையை ஒட்டி இரண்டு புள்ளி. அரை மணி நேரத்தில் ஈரத்துணியால் துடைத்தபோது புள்ளிகள் கரும்பழுப்பாக, கிட்டத்தட்டக் கறுப்பாகவே பிடித்திருந்தன. மருதாணி வாசனை கொஞ்சமும் இல்லை. ஹேர் டை கலக்கும்போது வருமே, அந்த நெடிதான் அடித்தது. இதைச் சொன்னதும், “கலர் நல்லா ஏறணும்னு நீலகிரித் தைலம் சேர்ப்போம்” என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா தங்கையின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. “மருதாணி என்னைக்குடி கறுப்பாப் புடிச்சிருக்கு? அதுவும் அரை மணி நேரத்துல?” எங்கள் கொல்லையில் மருதாணி மரம் நிற்கிறது. கொட்டைப்பாக்கு வைத்து அம்மியில் அரைத்து, ராத்திரி முழுக்கக் கையில் கட்டிவைத்து, காலையில் எடுத்தால் முதலில் ஆரஞ்சு நிறம்தான் இருக்கும். ஒரு நாள் இரண்டு நாளில்தான் அது செம்பழுப்பாக ஏறும். அப்பத்தா கேட்ட கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது. தங்கை சோப்புப் போட்டுக் கழுவினாள், எண்ணெய் தேய்த்தாள், ஒன்றும் அசையவில்லை.

ஷூட் முடிந்தது. அடுத்த நாள் ராத்திரி அரிப்பு ஆரம்பித்தது. விடிந்தபோது ஒவ்வொரு புள்ளியும் தடித்துச் சிவந்திருந்தது, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அப்புறம் கொப்புளம். பெண் கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருந்தாள்.

தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு முன்னாடி எப்பவாவது கறுப்புக் கோன் வச்சிருக்கியாம்மா?” வைத்திருக்கிறாள், மாமா மகள் கல்யாணத்தில், கையில். அப்போது லேசாக அரித்து அடங்கிவிட்டது. அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பார்லர்காரர்கள் தப்பிக்கும் ஓட்டை இதில்தான் இருக்கிறது.

கறுப்பாக, சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கோன்களில் பாரா ஃபினைலீன் டையமீன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். சுருக்கமாக பிபிடி. முடிச் சாயத்தில் இருப்பது. அது தோலுக்குள் இறங்கி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. முதல் தடவை என்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் கொப்பளிக்கும். முன்பே உடம்பு அடையாளம் வைத்திருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிடும். ஆக, வைத்த அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. இனி அவள் தலைக்கு பிபிடி உள்ள சாயம் போடவே கூடாது. சில மரத்துப்போகும் மருந்துகளும், துணியில் ஏற்றும் சில சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். முகம் ஆறியபின், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் ஒரு தடவை பார்ப்பார்களாம். நம் நிறத்துத் தோலில் புண் ஆறினாலும் அந்த இடம் கறுத்துவிடும், மறைய மாதக்கணக்கில் ஆகும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்றார். ஒரு கல்லூரிப் பெண்ணின் முகத்தில் இதைச் செய்துவிட்டு எப்படித்தான் நிம்மதியாகக் கடை திறக்கிறார்களோ தெரியவில்லை.

பார்லருக்குப் போன் செய்தேன். “உங்க தங்கச்சிக்கு சென்சிடிவ் ஸ்கின் அக்கா, நாங்க என்ன பண்றது? அன்னைக்கு நல்லாத்தானே போனாங்க?” நேரில் போய் டாக்டர் சீட்டைக் காட்டியதும், அந்தக் கோன் தீர்ந்துவிட்டது, வாங்கின இடம் தெரியாது என்றார்கள். நாங்களே ஆள் வைத்துப் போடுகிறோம் என்று சொன்னதும் இதே வாய்தான். பில் கேட்டோம், தரவில்லை. அதற்கப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

முடிச்சாய டப்பாவை எடுத்துப் பாருங்கள். போடும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாது, போட்டால் பார்வையே போகலாம் என்று எச்சரிக்கை இருக்கும். இந்தியாவில் அதை அச்சடிப்பது கட்டாயம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பிபிடியைத் தோலில் நேரடியாகப் பூச அனுமதிப்பதே இல்லை. ஐரோப்பாவில் முடிச்சாயத்திலேயே 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. அப்படிப்பட்ட பொருளை எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாத ஒரு கோனில் அடைத்து, என் தங்கையின் இமையை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

நல்ல மருதாணியே வைத்தாலும் முகத்தில் இரண்டு வாரம் நிற்காது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மேல்தோல் தடிமன், அதனால் அங்கே நன்றாக ஏறும். முகத்தில் மேல்தோல் மெல்லிசு, சீக்கிரம் உதிர்ந்து புதுசாகும். வெளிர் ஆரஞ்சாகப் பிடித்துச் சில நாளில் போய்விடும். முகத்தில் கரும்பழுப்பு, இரண்டு வாரம் கியாரண்டி என்று யாராவது சொன்னால், அது மருதாணி இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியால் குத்திப் போடும் செமி பர்மனென்ட் புள்ளியும் அந்த பார்லரின் விலைப்பட்டியலில் இருந்தது. மருதாணிக் கோனுக்கே லேபிள் இல்லாத இடத்தில் ஊசியை நம்பவே நம்பாதீர்கள்.

இதில் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தப் புள்ளிக்கு இவ்வளவும் தேவையே இல்லை. தங்கை பென்சிலால் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அவளிடம் கேட்டு எழுதுகிறேன். நிஜமான ஃப்ரெக்கிள்ஸ் வெயில் படும் இடத்தில் வரும்: மூக்குத் தண்டு, கன்னத்தின் மேடு, நெற்றியில் ஓரிரண்டு. மூக்கில் நெருக்கமாக இருக்கும், காதுப் பக்கம் போகப் போகக் குறையும். ஒன்று கடுகளவு, ஒன்று அதைவிடச் சிறிசு, ஒன்று மங்கல், ஒன்று அழுத்தம். இடது கன்னமும் வலது கன்னமும் ஒன்றாக இருக்கவே கூடாது.

நிறத்தில்தான் பலருக்கும் பிசகுகிறது. ஆன்லைனில் வரும் ஃப்ரெக்கிள் பென் பலவும் வெள்ளைத் தோலுக்கான செம்பழுப்பு. நம் மாநிறத்தில் அது துருப் பிடித்த நிறத்தில் நிற்கும். சிவப்பு ஏறாத, சாம்பல் கலந்த பழுப்பு ஐப்ரோ பென்சில் போதும், நம் தோலைவிட ஒன்றிரண்டு ஷேடு அடர்த்தியாக. தங்கை இரண்டு பென்சில் வைத்திருக்கிறாள், ஒன்று கொஞ்சம் இளசு. ஃபவுண்டேஷனை மெல்லிசாகப் பூசி முடித்து, பவுடர் போடும் முன் புள்ளி வைப்பாள். நாலைந்து வைத்ததும் உடனே விரல் நுனியால் ஒத்தி எடுப்பாள். தேய்க்கக் கூடாது, ஒத்த வேண்டும். ஓரம் கரைந்து, புள்ளி தோலுக்கு உள்ளே இருக்கிற மாதிரி ஆகிவிடும். பிறகு அடர்த்தியான பென்சிலால் அங்கங்கே இரண்டு மூன்று, அவற்றையும் ஒத்துவாள். கடைசியில் பவுடரை பஃபால் அழுத்தி, மேலே செட்டிங் ஸ்ப்ரே. கேமராவுக்கு என்றால் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று அழுத்தமாக வைக்க வேண்டும், ஃபிளாஷ் வெளிச்சம் பாதியைச் சாப்பிட்டுவிடும்.

வியர்வைக்கு வாட்டர்ப்ரூஃப் பென்சில் தாங்கும். அப்படியும் அழிந்தால், டிஷ்யூவால் வியர்வையை ஒத்திவிட்டு ஒரு சேலை மாற்றும் நேரத்தில் திரும்ப வைத்துவிடலாம். ராத்திரி கழுவினால் போய்விடும். புதுப் பென்சில் என்றால் முழங்கை மடிப்பில் கோடு போட்டு ஓரிரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்கு எடுங்கள்.

யாருக்காவது ஏற்கெனவே இப்படிக் கொப்பளித்திருந்தால் மஞ்சள், டூத்பேஸ்ட், எலுமிச்சை என்று எதையும் தடவாமல் தோல் டாக்டரிடம் போங்கள். கண் பக்கம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

புகார் விஷயம். நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். எங்கள் புகாரை அதில் பதிவு செய்துவிட்டோம். அடுத்து சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதனால் சென்னையிலிருந்து வந்து இங்கே ஏமாந்தவர்கள் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. லேபிள் இல்லாத கோன் தனிக் குற்றம். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள்படி தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், உள்ளே இருக்கும் பொருள்கள், காலாவதித் தேதி எல்லாம் இருந்தாக வேண்டும். இதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்திருக்கிறோம்.

பணத்தை ஜிபே போன்ற வழியில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள், பில் இல்லாவிட்டாலும் அது நிற்கும். முகத்தைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். காரைக்குடியில் முகத்தில் கோன் வைத்து இதே மாதிரி ஆனவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். தங்க நிறத் தாள், மணப்பெண் படம் போட்ட கோனா என்பதையும் சொல்லுங்கள். ஆய்வாளரிடம் அடுத்த முறை போகும்போது உங்கள் புகாரையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.