சேலத்தில் விற்கும் ‘பப்பி மிக்ஸ்’ பச்சைக்கறி பாக்கெட்: வளரும் குட்டிக்கு இது போதுமா?

நாய்க்கென்று பச்சைக்கறியை அரைத்து, உறைய வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் சின்ன வியாபாரங்கள் சேலத்திலும் வந்துவிட்டன. அஸ்தம்பட்டி, அழகாபுரம், சூரமங்கலம் பக்கம் லேப்ரடாரும் ராட்வெய்லரும் வளர்க்கிற வீடுகளில் இந்த பாக்கெட்டுகள் இல்லாத ஃப்ரீசர் குறைவு. அப்படி வீட்டிலிருந்தே தயாரித்து விற்கிற ஒருவரின் ‘பப்பி மிக்ஸ்’தான் இங்கே பேசப்படுவது. பெயர் வேண்டாம். இதில் உள்ள குறை அவர் ஒருவருடையது மட்டும் இல்லை, இந்த வகைச் சரக்கு முழுவதற்கும் பொருந்தும்.

அரைக்கிலோ பாக்கெட். தட்டையாக அழுத்தி சீல் வைத்திருக்கிறார்கள். லேபிளில் உள்ளவை: கோழிக்கறி, கோழிக் கழுத்து, கோழி ஈரல், இரைப்பை, வேகவைத்த பூசணி. கீழே ‘80:10:10’ என்றும், ‘2 மாதக் குட்டி முதல்’ என்றும், ‘உடல் எடையில் 10 சதவீதம் கொடுக்கவும்’ என்றும் அச்சடித்திருக்கிறது. கடையில் அதே எடைக்குக் கோழிக்கறி வாங்கினால் ஆகும் விலையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கறி புதிது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி வைத்து இளக்கிப் பார்த்தால் நிறம் வெளிர் சிவப்பாகவே இருக்கிறது. கவரில் தேங்கும் நீர் கொஞ்சம்தான், புளித்த வாடை இல்லை. ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தால் கழுத்து எலும்பு அரிசி நொய் அளவுக்கு நெறுநெறுவென்று அகப்படுகிறது, குத்துகிற சில்லு எதுவும் இல்லை. சுமார் 6 வாரத்தில் வெட்டுகிற பிராய்லரின் எலும்பு மென்மையானது என்பதால் இது சாத்தியம். நாமக்கல் பக்கம் முட்டையிட்டு முடித்த லேயர் கோழியை மலிவுக்கு வாங்கி அரைக்கிறவர்களும் உண்டு. அந்த எலும்பு முற்றியது, உடைந்தால் கூராகப் பிளக்கும். இவர் அதைச் செய்யவில்லை. பூசணியை வேகவைத்துச் சேர்த்திருப்பதும் சரி, பச்சையாகப் போட்டால் அப்படியே மலத்தில் வந்துவிடும்.

வளர்ந்த நாய்க்கு வாரத்தில் ஓரிரு வேளை கொடுக்க என்றால் பாராட்டி இத்தோடு முடித்திருக்கலாம். லேபிளில் ‘2 மாதக் குட்டி முதல்’ என்று இருப்பதால்தான் இதற்கு மேலும் பேச வேண்டியிருக்கிறது.

குட்டியின் உணவில் முதலில் பார்க்க வேண்டியது கால்சியம். அது எத்தனை கிராம் என்று இந்த லேபிள் எங்குமே சொல்லவில்லை. கலோரியும் இல்லை. ‘80:10:10’ என்பது கறி, எலும்பு, உள்ளுறுப்பு எவ்வளவு என்கிற விகிதம் மட்டுமே, அது ஊட்டச்சத்துக் கணக்கு ஆகாது. எலும்பின் கால்சியம் கோழியின் வயதுக்கும் எந்தப் பகுதி எலும்பு என்பதற்கும் தக்கபடி மாறும். கழுத்தில் எலும்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, கோழிப் பாதத்தில் பாதிக்கும் மேல். அரைக்கிலோ பாக்கெட்டில் 10 சதவீத எலும்பு வர வேண்டுமானால் கழுத்து மட்டும் 140 கிராம் அளவுக்கு விழ வேண்டும். கடையில் அன்றைக்குக் கழுத்து குறைவாகக் கிடைத்தால்? இவருடைய பாக்கெட்டுகளிலேயே ஒன்றில் நெறுநெறுப்பு அதிகம், இன்னொன்று வெறும் கொத்துக்கறி போல வழவழவென்று இருக்கிறது. அரைத்த தேதி மாறினால் கால்சியமும் மாறுகிறது என்று அர்த்தம்.

வளர்ந்த நாய் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளித்துக்கொள்ளும். தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தை அதன் குடல் உறிஞ்சாமல் விட்டுவிடும். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரியாக அமைந்திருக்காது. அதிகம் கொடுத்தால் அதிகம் ஏறும், எலும்பு வளர்ச்சி கோணும். குறைத்துக் கொடுத்தால் இன்னும் வேகமாகக் கேடு வரும். 100 கிராம் வெறும் கோழிக்கறியில் கால்சியம் 10 முதல் 15 மில்லிகிராம், பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க உடம்பு குட்டியின் எலும்பிலிருந்தே அதை எடுக்கும். முன்கால் வளையும், பாதம் தட்டையாகப் பரவும், மாடிப்படி ஏற மறுக்கும், சோஃபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். கறியை மட்டுமே போட்டு ஆசையாக வளர்த்த குட்டிகளுக்குத்தான் இது வருகிறது. அன்பில் குறை இல்லை, கணக்கில்தான் குறை.

ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவு இப்படி: வளரும் குட்டிக்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 3 கிராம் கால்சியம், 2.5 கிராம் பாஸ்பரஸ். வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டும் இனங்களுக்குக் கால்சியம் 4.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது. லேப்ரடார், ராட்வெய்லர், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த உச்சவரம்பு முக்கியம். ராஜபாளையம் குட்டியையும் இந்த வரிசையில் வைத்துக்கொள்வதே நல்லது.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வதும் முழு உண்மை இல்லை. ஓட்டில் கால்சியம் 38 சதவீதம் அளவுக்கு உண்டு, ஆனால் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. வெறும் கறியில் வருகிற பாஸ்பரஸோ வளர்ந்த நாய்க்குப் போதும், குட்டிக்குப் போதாது. குட்டிக்கு இரண்டும் சேர்ந்து வர வேண்டும். எலும்போ, வேகவைத்து அரைத்த எலும்புத் தூளோ அதைத் தரும்.

அதனால் எங்கள் பரிந்துரை இது. இதே வியாபாரி எலும்பில்லாத மிக்ஸும் தருகிறார். அதை வாங்குங்கள், கால்சியத்தை நீங்களே நிறுத்துப் போடுங்கள். கழுத்து சேர்ந்த பாக்கெட்டின் மேல் எலும்புத் தூளையும் கொட்டாதீர்கள், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மேலே சேர்ப்பது ஆபத்து.

கணக்குக்கு ஓர் உதாரணம். 3 மாத லேப்ரடார் குட்டி, எடை 10 கிலோ. நாளொன்றுக்குச் சுமார் 1000 கலோரி, அதாவது இந்த மிக்ஸில் ஏறக்குறைய 700 கிராம். இவ்வளவு கறியிலிருந்து பாஸ்பரஸ் 1.3 கிராம் வரும், கால்சியம் 0.1 கிராமைத் தொடாது. 25 சதவீதம் கால்சியமும் 12.5 சதவீதம் பாஸ்பரஸும் உள்ள எலும்புத் தூள் 12 கிராம் சேர்த்தால் கால்சியம் 3.1 கிராம், பாஸ்பரஸ் 2.8 கிராம் ஆகும். வரம்புக்குள் நிற்கிறது. உங்கள் டப்பாவில் சதவீதம் வேறாக இருந்தால் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். ஏற்காடு அடிவார நர்சரிகளில் ரோஜாச் செடிக்கு விற்கும் எலும்பு உரத்தைத் தொடவே கூடாது. அது உண்பதற்கான தரம் இல்லை.

இரண்டாவது குறை, எல்லாமே கோழி. கோழிக்கறியில் துத்தநாகம் குறைவு, கோழி ஈரலில் தாமிரம் குறைவு. அயோடின், மாங்கனீசு, வைட்டமின் டி, ஈ ஆகியவையும் எட்டாது. வெயிலில் விட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது நாய்க்குப் பொருந்தாது, அதன் தோல் தேவையான அளவுக்கு அதைத் தயாரிப்பதில்லை, உணவில்தான் வர வேண்டும். கோழியில் பாதியை எடுத்துவிட்டு ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ போட்டால் துத்தநாகம் ஏறும். மொத்த எடையில் 5 சதவீதம், நம் உதாரணக் குட்டிக்கு 35 கிராம், ஆட்டு ஈரல் போதும். இன்னொரு 5 சதவீதம் சுவரொட்டியோ கிட்னியோ இருக்கலாம். இரைப்பையை உள்ளுறுப்புக் கணக்கில் சேர்த்திருக்கிறார் இவர். அது தவறு, இரைப்பை வெறும் தசை. ஈரல் மிஞ்சினால் மலம் கறுத்து இளகும், எலும்பு மிஞ்சினால் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும். தினமும் தட்டைப் பார்க்கிற அளவுக்கு மலத்தையும் பாருங்கள்.

வைட்டமின் டிக்கு மத்தி மீன் நல்லது. தினம் 40, 50 கிராம், ஆவியில் வேகவைத்து. மேட்டூர் கட்லாவும் ரோகுவும் சேலத்தில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மத்திக்கு அவை ஈடாகாது. கெண்டை இனங்களைப் பச்சையாகக் கொடுத்தால் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி வேறு உள்ளே போகும். இவ்வளவு செய்த பிறகும் துத்தநாகம், அயோடின், மாங்கனீசு, வைட்டமின் ஈ நான்குக்கும் மருத்துவர் எழுதித் தரும் சப்ளிமென்ட் தேவைப்படும்.

லேபிளில் உள்ள 10 சதவீத அளவும் எல்லா வயதுக்கும் ஆகாது. 2, 3 மாதத்தில் 7 முதல் 10, 4 மாதத்திலிருந்து 6 மாதம் வரை 6 முதல் 8, அதன்பின் 8 மாதம் வரை 4 முதல் 6, ஒரு வயதுக்குள் 3, 4 சதவீதம் என்று இறக்கிக்கொண்டே வர வேண்டும். இது தொடக்க அளவுதான். வாரம் ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பு கைக்கு லேசாகத் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்து மாற்றுங்கள். கொழுகொழு குட்டி பார்க்க அழகுதான், பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக்கு அது கேடு. 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, பிறகு 2.

டெலிவரியைப் பற்றி. நகரத்துக்குள் பைக்கில் தெர்மாகோல் பெட்டியில் வருகிறது, கல்லாக உறைந்தே வந்து சேர்கிறது. ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போட்டு அனுப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை. 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பு. சித்திரை வெயிலில் பாக்கெட்டின் ஓரங்கள் இளகி, மேலே வந்து சேரும்போது விரல் அழுந்துகிறது. இப்படி வந்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். எலும்பில்லாத மிக்ஸ் என்றால் அன்றே வேகவைத்துவிடுங்கள், கழுத்து சேர்ந்ததையும் முழுக்க இளகிச் சூடேறியதையும் திருப்பி அனுப்புங்கள். மலையில் இருப்பவர்கள் அங்கேயே கறிக்கடையில் அன்றன்றைக்கு வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

இனி கிருமி. உறைய வைத்தால் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் முழுதாகச் சாகாது, மிஞ்சியது தூங்கும், அவ்வளவுதான். 2018-இல் வெளியான மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு பச்சைக் கோழிக்கறியை, அதிலும் கழுத்தை, நாய்களுக்குப் பின்னங்காலில் தொடங்கிப் பரவும் ஒருவகைப் பக்கவாதத்தோடு தொடர்புபடுத்தியது. சந்தேகத்துக்குரியது கேம்பிலோபேக்டர்தான். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் ஊட்டச்சத்துக் குழு, பச்சைக்கறியால் கூடுதல் நன்மை என்பதற்குச் சரியான சான்று இல்லை என்றே சொல்கிறது. குட்டியின் வாயிலும் மலத்திலும் உள்ள கிருமி வீட்டுக் குழந்தையின் கைக்கும் வரும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம்.

ஆட்டு உள்ளுறுப்பில் இன்னொரு பயம் உண்டு. நுரையீரலிலோ ஈரலிலோ நீர் நிரம்பிய வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது நாடாப்புழுவின் நீர்க்கட்டியாக இருக்கலாம். நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளரும், அதன் முட்டை மனிதருக்கு வந்தால் ஈரலில் கட்டி வைக்கும். கடைக்காரர் ‘நாய்க்குத்தானே’ என்று சும்மா தரும் நுரையீரலை வாங்காதீர்கள். மற்ற உறுப்புகளையும் வேகவைத்தே கொடுங்கள். குடற்புழு மருந்தில் நாடாப்புழுவைக் கொல்லும் பிரசிகுவான்டெல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வேகவைப்பது பெரிய வேலை இல்லை. எலும்பில்லாத மிக்ஸை ஃப்ரிட்ஜிலேயே இளக்கி, கனமான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நடுவில் 74 டிகிரி வரும்வரை கிளறினால் போதும். ஊறிய நீரை வடிக்க வேண்டாம், சத்து அதில் இருக்கிறது. உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. ஆறிய பிறகு எலும்புத் தூளும் சப்ளிமென்டும் கலக்கவும். பழைய உணவிலிருந்து 7 முதல் 10 நாளில் கால்வாசி கால்வாசியாக மாற்றுங்கள். குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலும் தடுப்பூசி போட்ட வாரத்திலும் தொடங்க வேண்டாம். கழுத்து மிக்ஸை வேகவைப்பது மட்டும் கூடாது, வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

பப்பி மிக்ஸுக்கு எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு. எலும்பில்லாத மிக்ஸுக்கு நான்கு. இந்த வியாபாரி கேட்டால் பதில் சொல்கிறவர். ஒரு தொகுதியை ஆய்வகத்தில் கொடுத்து 1000 கலோரிக்குக் கால்சியம், பாஸ்பரஸ் எவ்வளவு என்று லேபிளில் போடச் சொல்லி எல்லோரும் கேளுங்கள். அதுவரை உங்கள் குட்டிக்கான கலவையைத் தாளில் எழுதி, தலைவாசலிலோ நாமக்கல்லிலோ உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். குட்டி நொண்டுகிறது என்றால் தாளோடு குட்டியையும் அன்றே கூட்டிப் போங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.