டாப்ளரா, சி.டி.யா?

குடல்வாலிலோ பெருங்குடலிலோ அழற்சி முற்றினால் கிருமி அங்கேயே நிற்காது, சில சமயம் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரைக்குள் ஏறி, அதை வீங்கவைத்து உள்ளே ரத்தத்தையும் உறையவைத்துவிடும். பெயர் பைலிஃப்ளெபைடிஸ். அபூர்வம்தான். ஆனால் வெறும் காய்ச்சல், வயிற்றுவலியாகவே தெரிவதால் ஸ்கேன் இல்லாமல் பிடிபடாது. எந்த ஸ்கேன் என்பதுதான் கேள்வி.

ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, கட்டில் பக்கத்திலேயே பார்க்கலாம். கர்ப்பிணிக்கு அதுதான் முதலில். சிக்கல் என்னவென்றால், குடலில் வாயு நிறைந்திருந்தால் (இந்த நோயாளிகளுக்கு இல்லாமலா இருக்கும்!) கீழே உள்ள குடல் சிரைகள் சரியாகத் தெரியாது, பார்ப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம்.

சாய ஊசி போட்டு, அது போர்ட்டல் சிரையில் நிறையும் நேரம் பார்த்து, சுமார் 70 விநாடி கழித்து எடுக்கும் சி.டி. ஸ்கேன், உறைகட்டி எதுவரை பரவியிருக்கிறது, கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டா, தொற்று கிளம்பிய இடம் குடல்வாலா பெருங்குடலா என்று ஒரே தடவையில் காட்டிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயம் போட யோசிப்பார்கள், சரி, மற்றவர்களுக்கு என் ஓட்டு சி.டி.க்குத்தான். அப்புறம் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் போகும்போது, உறைகட்டி கரைகிறதா என்று பார்க்க டாப்ளர் போதும்.